மிஷன் ஆஃப் பர்மா: காது கெட்டதால் முடிந்த கதையா?

அதிகம் வெளியே தெரியாத ஒரு ராக் பேண்டைப் பாராட்ட வேண்டும் என்றால், இசை பற்றி எழுதுகிறவர்கள் கையில் இரண்டு வாக்கியங்களை ரெடியாக வைத்திருப்பார்கள். ஒன்று, "இவர்கள் தங்கள் காலத்துக்கு முந்தி வந்தவர்கள்." இன்னொன்று, "இவர்கள் இல்லையென்றால் பின்னால் வந்த அந்தப் பெரிய பேண்டுகள் இல்லை." இரண்டும் பாராட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், இரண்டுமே அந்த பேண்டின் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாரோ ஜெயித்ததில் இவர்களுக்கு ஒரு பங்கு தருகின்றன, அவ்வளவுதான்.

பாஸ்டன் நகரத்து மிஷன் ஆஃப் பர்மாவுக்கு இந்த இரண்டோடு மூன்றாவதாக இன்னொரு வாக்கியமும் உண்டு: "கிட்டார் வாசிப்பவரின் காது கெட்டுப்போனதால் நாலே வருஷத்தில் கலைந்துபோன பேண்ட்." இது உண்மை. ஆனால் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை இவ்வளவு ஜோராக இருப்பதால், மீதியை யாரும் சரியாகக் கேட்பதில்லை என்பது என் குறை. 1979-லிருந்து 1983 வரை ஓடிய பேண்ட் இது. பிறகு 2002-ல் திரும்பி வந்து, 2020 வரை இருந்தது. முதல் சுற்றில் முழு நீள ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றே ஒன்று. இரண்டாம் சுற்றில் நான்கு. ஆனாலும் இவர்களைப் பற்றிய கட்டுரைகளில் முதல் நாலு வருஷத்துக்குப் பத்து பத்தி, அடுத்த பதினெட்டு வருஷத்துக்கு ஒரு பத்தி.

கடந்த சில மாதங்களாக இவர்களின் பதிவுகள் எல்லாவற்றையும் வெளிவந்த வரிசையிலேயே திரும்பத் திரும்பக் கேட்டேன். அதில் எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பெயரும் ஆட்களும்

பர்மா என்றதும் நமக்கு பர்மா பஜாரும் அத்தோவும் ஞாபகம் வரும். இவர்களுக்கு அப்படி ஒரு தொடர்பும் கிடையாது. பேஸ் கிட்டார் வாசித்த கிளின்ட் கான்லி, நியூயார்க்கில் ஒரு கட்டிடத்தின் வாசலில் பர்மா நாட்டுத் தூதரக அலுவலகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். அந்தச் சொற்களின் ஓசை பிடித்துப்போய் அதையே பேண்டுக்கு வைத்துவிட்டார்கள்.

மேடையில் மூன்று பேர். ரோஜர் மில்லர் கிட்டார், கான்லி பேஸ், பீட்டர் பிரெஸ்காட் டிரம்ஸ். மூன்று பேரும் பாட்டு எழுதுவார்கள், மூன்று பேரும் பாடுவார்கள். இதில் மில்லர் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர்காரர். சின்ன வயசிலேயே பியானோ படித்தவர். பதின்வயதில் தன் இரட்டைத் தம்பிகளோடு ஸ்ப்ரோட்டன் லேயர் என்று ஒரு பேண்ட் வைத்திருந்தவர். மில்லரும் கான்லியும் அதற்குப் பிறகு பாஸ்டனில் மூவிங் பார்ட்ஸ் என்ற பேண்டில் சேர்ந்து வாசித்தார்கள். அது கலைந்ததும் 1979-ல் இது தொடங்கியது.

மூன்று பேரின் குணமும் வேறு வேறு. கான்லிக்கு மெட்டு சுலபமாக வரும். கூட்டமாகச் சேர்ந்து கத்திப் பாடக்கூடிய பல்லவிகள் அவருடையவை. மில்லர் ஒரு பாட்டை நடுவில் உடைத்து வேறு தாளத்தில் ஒட்டவைப்பார். பிரெஸ்காட் தன் டிரம்ஸ் மாதிரியே பாடுவார், அதாவது கத்துவார். இந்த மூன்றும் ஒன்றோடொன்று சமாதானம் ஆவதே இல்லை. 1982 ஆல்பத்துக்கு 'வெர்சஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒருவருக்கு எதிராக இன்னொருவர் என்று அர்த்தம். இந்த பேண்டுக்குப் பொருத்தமான பெயர்தான்.

மேடையில் இல்லாத நாலாவது ஆள்

இந்த பேண்டில் எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம் மார்ட்டின் ஸ்வோப். இவர் மேடையிலேயே இருக்க மாட்டார். அரங்கத்தின் பின்பக்கம், சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில் ஒரு ரீல் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார். மேடையில் வாசிப்பதில் ஒரு துண்டை அங்கேயே பதிவு செய்வார். அந்த டேப்பை வட்டமாக ஓடவிட்டோ, பின்னோக்கி ஓட்டியோ, வேகத்தை மாற்றியோ, அதே பாட்டு முடிவதற்குள் ஸ்பீக்கருக்குத் திருப்பி அனுப்புவார்.

ஆரம்பத்தில் மில்லருக்கு ஒரே ஒரு பாட்டுக்குத்தான் டேப் லூப் வேண்டியிருந்தது. அதற்காக ஸ்வோப்பைக் கூப்பிட்டார். அது படிப்படியாக எல்லாப் பாட்டுக்கும் பரவி, கடைசியில் ஸ்வோப் முழு உறுப்பினர் ஆகிவிட்டார்.

இன்றைக்கு லூப் பெடல் என்று ஒரு சின்னப் பெட்டியைக் காலால் மிதித்தால் இந்த வேலை நடக்கும். அதனால் இது சாதாரணமாகத் தெரியலாம். வித்தியாசம் எங்கே என்றால், லூப் பெடல் வாசிப்பவரின் காலடியில் இருக்கிறது. என்ன பதிவாக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று வாசிப்பவரே முடிவு செய்கிறார். இங்கே முடிவு இன்னொருவருடையது. நீங்கள் வாசித்தது எப்போது, எந்த உருவத்தில் உங்களிடமே திரும்பி வரும் என்று உங்களுக்கே தெரியாது. வெளியே கேட்கிற ஆளுக்கோ, மேடையில் மூன்று பேர்தான் தெரிகிறார்கள், சத்தம் நாலு பேருக்கு வருகிறது.

'வெர்சஸ்' ஆல்பத்தில் 'மைக்கா' என்ற பாட்டைக் கேளுங்க. கான்லி பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் துண்டாகி, வேறு யாரோ பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்கிற மாதிரி இருக்கும். 'வெதர்பாக்ஸ்' பாட்டில் கிட்டார் எங்கே முடிகிறது, டேப் எங்கே ஆரம்பிக்கிறது என்று என்னால் இன்னமும் பிரிக்க முடியவில்லை. ஐரோப்பிய சோதனை இசைக்காரர்கள் வானொலி நிலைய ஸ்டூடியோக்களில் நாள்கணக்காக டேப்பை வெட்டி ஒட்டிச் செய்ததை, இவர்கள் பீர் சிந்திய பார்களில், மூணு நிமிஷப் பாட்டுக்குள், உடனுக்குடன் செய்தார்கள்.

ஏன் அவ்வளவு சத்தம்?

இவர்கள் மேடையில் பயங்கரச் சத்தமாக வாசிப்பவர்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். அதை ஏதோ வீரம் மாதிரி எழுதுவார்கள். எனக்கு இது ஒரு வடிவமைப்புத் தேவையாகப் படுகிறது. கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

ஒரு ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்குத் தள்ளினால், உள்ளே போகிற அலையின் தலைப்பகுதி நசுங்கும். நசுங்கும்போது, நாம் வாசிக்காத மேல்சுரங்கள் தானாகவே பிறக்கும். இரண்டு சுரங்களைச் சேர்த்து உள்ளே அனுப்பினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் கூட வெளியே வரும். 300 ஹெர்ட்ஸும் 400 ஹெர்ட்ஸும் போனால் 700-ம் 100-ம் கூடவே கேட்கும். அதோடு ஸ்பீக்கரின் அதிர்வு கிட்டார் கம்பியைத் திரும்ப அசைத்தால் ஃபீட்பேக். ஆக, இரண்டு விரல் வைத்து வாசித்தால் ஐந்தாறு சுரங்கள் வரும். மில்லர் எழுதுகிற பாட்டுகளில் அந்த 'வாசிக்காத' சுரங்களும் ஒரு பகுதி. 'ட்ரெம் டூ' பாட்டின் பெயரே ட்ரெமலோ என்ற ஒலி விளைவிலிருந்து வந்தது. அந்தப் பாட்டில் கிட்டார் அதிகம் ஒன்றும் வாசிப்பதில்லை. சத்தம் அலை அலையாக ஏறி இறங்குவதுதான் பாட்டே. இதை மெதுவான ஒலியில் மேடையில் வாசித்தால் பாட்டு இருக்காது.

இதற்கு விலை உண்டு. நம் உட்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் மயிரிழை மாதிரியான செல்கள் சில ஆயிரம். அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவைதான். மனிதர்களுக்கு இவை ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிற அளவு, 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். ராக் மேடைகள் 100-ஐச் சர்வ சாதாரணமாகத் தாண்டும்.

மில்லருக்கு வந்தது டின்னிடஸ். நம்ம ஊரில் 'காது இரைச்சல்' என்போம். வெளியே சத்தமே இல்லாதபோதும் உள்ளே ஒரு சுரம் ஓயாமல் ஒலிக்கும். எனக்கு இடது காதில் இது லேசாக உண்டு. ராத்திரி ஃபேனை நிறுத்தினால் தெரியும். இஎன்டி டாக்டர் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பழகிக்கங்க" என்றார். ஒரு ஐடிக்காரனுக்கு இது தொந்தரவு, அவ்வளவுதான். கோட் எழுதக் காது தேவையில்லை. சுரங்களை வைத்தே பிழைக்கிற ஒருவருக்குத் தலைக்குள் கேட்காமலே ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால்தான் 1983-ல் அவர் எடுத்த முடிவின் எடை தெரிகிறது.

இரண்டு பதிவுகள், இரண்டு வழிகள்

முதல் சுற்றுப் பதிவுகள் எல்லாம் பாஸ்டனின் ஏஸ் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற சின்ன லேபிளில் வந்தவை. நடத்தியவர் ரிக் ஹார்ட்டே. அவரே தயாரிப்பாளரும். 1980-ல் 'அகாடமி ஃபைட் சாங்', பின்பக்கம் 'மேக்ஸ் எர்ன்ஸ்ட்' என்று ஒரு சிங்கிள். சர்ரியலிச ஓவியர் பேரில் ஒரு பங்க் பாட்டு! 1981-ல் 'சிக்னல்ஸ், கால்ஸ் அண்ட் மார்ச்சஸ்' என்று ஆறு பாட்டு கொண்ட இ.பி.

ஹார்ட்டே பொறுமைசாலி. கிட்டாரின் மேல் கிட்டாராக அடுக்கி, பளபளவென்று செதுக்கித்தான் வெளியே விடுவார். அதனால் இ.பி.யில் இருப்பது மேடையில் கேட்ட பேண்ட் இல்லை. அதற்காக மோசம் என்று சொல்ல வரவில்லை. 'தட்ஸ் வென் ஐ ரீச் ஃபார் மை ரிவால்வர்' என்ற கான்லியின் பாட்டு இந்த முறையால்தான் நிற்கிறது. மெதுவாக, பேஸ் மட்டும் நடந்து வருகிற மாதிரி தொடங்கி, பல்லவியில் சுவர் இடிகிற மாதிரி திறக்கும். அந்த வித்தியாசத்தைக் கட்டியது தயாரிப்பாளரின் கை. கடைசிப் பாட்டான 'ஆல் வேர்ல்டு கௌபாய் ரொமான்ஸ்' பாடல் வரியே இல்லாத வாத்திய இசை. ஒரு பங்க் பேண்ட் தன் முதல் இ.பி.யை இப்படி முடிப்பதற்கு அந்தக் காலத்தில் தைரியம் வேண்டும்.

1982-ல் வந்த 'வெர்சஸ்' நேர் எதிர். அடுக்குகளைக் குறைத்து, மேடையில் வாசிக்கிற மாதிரியே பதிவு செய்தார்கள். கேட்கும்போது அறையில் ஆட்கள் இருப்பது தெரியும். முதல் பாட்டு 'சீக்ரெட்ஸ்' கிட்டத்தட்ட முழுக்க வாத்தியம்தான். கடைசிப் பாட்டு 'தட்ஸ் ஹௌ ஐ எஸ்கேப்டு மை செர்ட்டன் ஃபேட்' இரண்டு நிமிஷத்தில் ஓடி முடிந்துவிடும். நடுவில் 'ஐன்ஸ்டைன்ஸ் டே' என்று மில்லருடைய ஒரு பாட்டு. அது மட்டும் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இந்த ஆல்பத்தில் ஒரு ஆச்சரியம் உண்டு. ரொம்பச் சத்தமான இசை என்று சொன்னேன் அல்லவா, இதை நான் ஹெட்ஃபோனில் குறைந்த ஒலியில்தான் கேட்கிறேன். அப்போதும் அது சத்தமாகவே 'தெரிகிறது'. காரணம், ஆம்ப்ளிஃபையரில் பிறந்த மேல்சுரங்களும் அறையின் அதிர்வும் பதிவுக்குள்ளேயே உறைந்துவிட்டன. ஒலி அளவை நீங்கள் எவ்வளவு குறைத்தாலும் அந்த நசுங்கிய அலை நசுங்கியபடிதான் இருக்கும். மெதுவாகக் கேட்டால் பேஸ் கொஞ்சம் இளைக்கும். நம் காதின் இயல்பு அது. ஆனால் மற்றதெல்லாம் வந்து சேர்கிறது. மில்லரின் காது கொடுத்த விலையில் நாம் சேதாரம் இல்லாமல் கேட்கிறோம். கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

1983, அதற்குப் பிறகு

1983 தொடக்கத்தில் மில்லர் இனி முடியாது என்று சொல்லிவிட்டார். கடைசிச் சுற்றுப்பயணத்தில் காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் போடுகிற பெரிய காது உறை. அந்தக் கோலத்தில்தான் வாசித்தார். அந்தக் கச்சேரிகளின் பதிவு 1985-ல் 'தி ஹாரிபிள் ட்ரூத் அபௌட் பர்மா' என்று வந்தது.

இங்கேதான் வழக்கமான கதை முடிகிறது. எனக்கு இதற்குப் பிறகு நடந்தது முக்கியம். மில்லர் இசையை விடவில்லை. ஸ்வோப்பையும் கூட்டிக்கொண்டு பியானோ பக்கம் போய், பேர்ட்சாங்ஸ் ஆஃப் த மெசோஜோயிக் என்ற குழுவில் சத்தம் குறைந்த இசை வாசித்தார். பிறகு ஆலாய் ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவில் சேர்ந்து மௌனப் படங்களுக்கு மேடையில் பின்னணி இசை தந்தார். பிரெஸ்காட் வோல்கேனோ சன்ஸ் என்ற பேண்டை நடத்தினார். கான்லி யோ லா டெங்கோவின் முதல் ஆல்பமான 'ரைட் த டைகர்' என்பதைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு, தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வேலைக்குப் போனார். ஸ்வோப் ஹவாய்க்குக் குடிபோனார்.

இவர்கள் இல்லாத காலத்தில்தான் இவர்கள் பெயர் வளர்ந்தது. 1988-ல் ரைக்கோடிஸ்க் நிறுவனம் இவர்களின் பதிவுகளை ஒரே சிடியில், கிட்டத்தட்ட 80 நிமிஷத்துக்குத் திணித்துத் தந்தது. ஆர்.இ.எம். 'அகாடமி ஃபைட் சாங்' வாசித்தது. மோபி 1996-ல் 'ரிவால்வர்' பாட்டைத் திரும்பப் பாடினார். தொலைக்காட்சிக்காக அந்த 'ரிவால்வர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு வேறு சொல் போட்ட ஒரு வடிவமும் வந்தது. பாட்டின் உயிரே அந்தச் சொல்தான்! 2001-ல் மைக்கேல் அசெராட் எழுதிய 'அவர் பேண்ட் குட் பி யுவர் லைஃப்' புத்தகத்தில் இவர்களுக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது. நல்ல புத்தகம். ஆனால் அது எண்பதுகளோடு முடிகிற புத்தகம் என்பதால், அதைப் படித்தவர்கள் மனதில் இந்த பேண்டும் எண்பதுகளோடு முடிந்துவிட்டது.

இரண்டாம் சுற்று

2002 ஜனவரியில் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் மறுபடி மேடை ஏறினார்கள். மில்லருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. காது சரியாகிவிட்டதா என்றால், இல்லை. சரியாகாது. அப்புறம் எப்படி?

ஏற்பாட்டை மாற்றினார்கள். டிரம்ஸுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி பிளெக்ஸிகிளாஸ் தடுப்பு. மில்லரின் தலையில் அதே துப்பாக்கிக் களத்துக் காது உறை. ஸ்வோப் வரவில்லை; அவர் இடத்துக்கு பாப் வெஸ்டன் வந்தார். ஷெல்லாக் பேண்டில் பேஸ் வாசித்தவர், தேர்ந்த ஒலிப்பதிவுக் கலைஞர், அதற்கும் முன்னால் பிரெஸ்காட்டின் வோல்கேனோ சன்ஸில் இருந்தவர். டேப் வேலையும் அவரே, ஒலி அமைப்பும் அவரே, பிறகு ஆல்பங்களைப் பதிவு செய்வதும் அவரே.

எங்கள் தொழிலில் பழைய சிஸ்டம் ஒன்றைத் திரும்ப ஓட வைக்கும்போது இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர், அப்படியே பழையபடி ஓட வேண்டும் என்பார். இன்னொருவர், எது உடைந்தது என்று பார்த்து அந்த ஒரு பகுதியைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, மற்றதைத் தொடாமல் விடுவார். இவர்கள் செய்தது இரண்டாவது. பாட்டின் சத்தத்தைக் குறைக்கவில்லை. அந்தச் சத்தம் ஒரு மனிதரின் காதுக்குப் போகிற வழியை மட்டும் அடைத்தார்கள்.

மேட்டடோர் லேபிளில் 2004-ல் 'ஆன்ஆஃப்ஆன்' வந்தது. முதல் பாட்டு 'த செட்டப்' கேட்கும்போதே இது ஞாபகார்த்தக் கச்சேரி இல்லை என்று தெரிந்துவிடும். 'டர்ட்', 'ஹண்ட் அகெய்ன்' போன்ற சில பழைய பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்திருந்தார்கள். அவை புதுப் பாட்டுகளோடு எந்த ஒட்டுத் தையலும் தெரியாமல் பொருந்தின. 'மேக்ஸ் எர்ன்ஸ்ட்ஸ் ட்ரீம்' என்று பழைய ஓவியருக்கே இன்னொரு பாட்டு. ஆனாலும் இந்த ஆல்பம் கொஞ்சம் நீளம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம் தெரிகிறது.

2006-ல் வந்த 'த ஆப்ளிட்டராட்டி'யைப் பற்றித்தான் நான் இந்தப் பதிவே எழுதுகிறேன். என் கணிப்பில் இது 'வெர்சஸ்' அளவுக்கு நல்ல ஆல்பம். சில இடங்களில் அதை விடவும் மேல்.

காரணம் சொல்கிறேன். 'வெர்சஸ்'-இல் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள். 'ஆப்ளிட்டராட்டி'யில் ஒருவர் இடிக்கும்போது இன்னொருவர் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்கிறார்கள். மோதல் குறையவில்லை, குறி துல்லியமாகியிருக்கிறது. முதல் பாட்டு 'டுவைஸ்' பிரெஸ்காட்டின் டிரம்ஸில் ஆரம்பிக்கிறது. ஐம்பதை எட்டப்போகிற ஒருவர் அடிக்கிற அடி மாதிரியே இல்லை. இரண்டாவது விஷயம், நகைச்சுவை. 'டோனா சுமேரியா' என்று ஒரு பாட்டு. டிஸ்கோ ராணி டோனா சம்மரையும் பழைய சுமேரியாவையும் ஒன்றாகப் பிசைந்த பெயர். பாட்டுக்குள்ளேயும் டோனா சம்மரின் புகழ்பெற்ற பாட்டு ஒன்று எட்டிப்பார்க்கும். இருபத்தைந்து வயதில் இவர்களால் இதைச் செய்திருக்க முடியாது. அந்த வயதில் டிஸ்கோவைக் கேலி செய்வதுதான் பங்க் ஆட்களின் கடமை. இங்கே கேலியும் இருக்கிறது, நிஜமான அன்பும் இருக்கிறது.

மூன்றாவது, வெஸ்டனின் பதிவு. ஹார்ட்டேயின் அடுக்குகளும் இல்லை, 'வெர்சஸ்'-இன் கலங்கலும் இல்லை. டிரம்ஸ் ஒரு அறையில் வைத்த மரச்சாமான் மாதிரி தெளிவாக நிற்கிறது. அதைச் சுற்றி மில்லரின் கிட்டார் புகை மாதிரி பரவுகிறது. 'த மியூட் ஸ்பீக்ஸ் அவுட்' போன்ற பாட்டில் டேப் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற அந்தப் பழைய விளையாட்டு இன்னும் இருக்கிறது.

குறைகளும் உண்டு

ஒரு கட்சியாகப் பேசக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே உண்டு. 2009-ல் வந்த 'த சவுண்ட் த ஸ்பீட் த லைட்' எனக்கு அலுப்பு. முறை கைக்கு வந்துவிட்டால் வருகிற ஆபத்து அதில் தெரிகிறது. பாட்டு எங்கே உடையும் என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அதே வருஷம்தான் பாஸ்டன் நகரம் அக்டோபர் 4-ம் தேதியை 'மிஷன் ஆஃப் பர்மா நாள்' என்று அறிவித்துக் கௌரவித்தது. நகரமே பாராட்டுகிற வருஷத்தில் பேண்ட் கொஞ்சம் சௌகரியமாக ஒலித்ததில் வியப்பில்லை.

2012-ல் ஃபயர் லேபிளில் வந்த 'அன்சவுண்ட்' அதிலிருந்து உதறி எழுந்தது. 'டஸ்ட் டெவில்' என்ற முதல் பாட்டே இரண்டு நிமிஷத்துக்குள் வேலையை முடித்துவிடும். அதுதான் கடைசி ஆல்பமும். நல்ல இடத்தில் நிறுத்தினார்கள்.

ஸ்வோப் இல்லாததும் ஒரு நஷ்டம்தான். வெஸ்டன் திறமைசாலி, ஆனால் அவர் இந்த பேண்டின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். ஸ்வோப்பின் டேப்பில் பாட்டைக் கெடுத்துப் பார்க்கிற ஒரு குறும்பு இருந்தது. வெஸ்டனின் டேப் பாட்டுக்கு உதவி செய்கிறது. உதவி நல்லதுதான், ஆனால் அந்தக் குறும்பு போய்விட்டது.

அப்போ நாலு வருஷக் கதை ஏன் ஜெயிக்கிறது?

அழகான கதை என்பதால். இளைஞர்கள், தங்கள் சத்தமே தங்களை அழித்தது, ஒரே ஒரு ஆல்பம், முடிந்தது. ராக் இசைக்கு இந்த மாதிரி கதைகள் ரொம்பப் பிடிக்கும். அற்பாயுளில் போனவர்களுக்குத்தான் அங்கே படம் மாட்டுவார்கள். ஐம்பது வயதில் காது உறை மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று, நாலு ஆல்பம் போட்டு, அதில் ஒன்று சுமாராகவும் வருவது காவியம் ஆகாது. அது வேலை.

இதனால் நஷ்டம் கேட்கிறவர்களுக்குத்தான். 'வெர்சஸ்' கேட்டுவிட்டு, "ஐயோ, இவ்வளவுதானா" என்று நிறுத்திக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஆப்ளிட்டராட்டி' பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டிருந்தாலும் 'திரும்பிச் சேர்ந்த பேண்டின் ஆல்பம்' என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் வருகிற முக்கால்வாசி ஆல்பங்கள் ஒதுக்கத் தக்கவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆல்பம் எப்படி இருக்கிறது என்பதைக் கதையை வைத்து முடிவு செய்வதற்குப் பெயர் விமர்சனம் இல்லை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை தருகிறேன். முதலில் இ.பி.யிலிருந்து 'ரிவால்வர்' பாட்டு மட்டும். பிடித்தால் 'வெர்சஸ்' முழுசா, ஒரே மூச்சில், நாற்பது நிமிஷம்தான். மறுநாளே 'ஆப்ளிட்டராட்டி'. நடுவில் இருபத்து நாலு வருஷம் போயிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, ஒரே பேண்டின் அடுத்தடுத்த இரண்டு ஆல்பங்கள் மாதிரி கேளுங்க. அப்புறம் எது உங்களுக்கு மேல் என்று கமெண்ட்டில் சொல்லுங்க. 'வெர்சஸ்'தான் என்றால் சண்டை போடத் தயாராக இருக்கிறேன்.

ஒலியை மட்டும் பாதிக்கு மேல் வைக்க வேண்டாம். இந்த இசைக்கு அதுவே போதும்.